முதல் எலெக்ட்ரிக் கிடார்: மலிவு செட்டா, பிராண்ட் புதுசா, செகண்ட் ஹேண்டா?

மே மாதம் ரிசல்ட் வந்ததும் எனக்கு வருகிற போன்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வரும். போன வாரம் அலுவலக நண்பர் கேட்டார். "பொண்ணு எலெக்ட்ரிக் கிடார் கேக்கிறா. கையில பதினஞ்சாயிரம் இருக்கு. ஆன்லைன்ல ஆறாயிரத்து ஐநூறுக்கே ஆம்ப், பை, பெல்ட் எல்லாம் சேர்த்து ஒரு செட் வருது. கடையில பிராண்ட் கிடார் மட்டுமே பதினேழாயிரம் சொல்றாங்க. பக்கத்து ஃபிளாட் தம்பி பழசு ஒண்ணு பத்தாயிரத்துக்குத் தர்றேங்கிறான். எதை எடுக்கிறது?"

போனில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடிகிற பதில் இல்லை. இதுவரை இருபது பேருக்காவது துணையாகக் கடைக்குப் போயிருக்கிறேன். அதனால் யோசிக்கிற முறையை ஒரு தடவை முழுசாக எழுதிவிடுகிறேன். அதற்கு முன்னால் என்னுடைய முதல் கிடாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்ததில் பாதி அது கற்றுக்கொடுத்தது.

## சிவப்பு கிடார்

2004. நாங்கள் பெரம்பூரில் இருந்தோம். டியூஷன் எடுத்துச் சேர்த்த 3,500 ரூபாயில், தலைப்பகுதியில் எந்தப் பெயரும் இல்லாத ஒரு சிவப்பு ஸ்ட்ராட் நகல் வாங்கினேன். ஸ்ட்ராடகாஸ்டர் என்பது ஃபெண்டர் கம்பெனி 1954-இல் கொண்டுவந்த வடிவம். உலகத்தின் மலிவு கிடார்களில் பெரும்பகுதி இன்றும் அதன் நகல்தான். எனக்கு முந்தைய தலைமுறைக்கு இந்த நகல்கூட எளிதாகக் கிடைக்கவில்லை. இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இருந்த காலத்தில் கொல்கத்தாவில் செய்த கிவ்சன், ஹாப்னர் கிடார்களில்தான் பலரும் கற்றார்கள். எங்கள் காலத்தில் சீனாவிலிருந்து வந்த பளபளப்பான கிடார்கள் கடை வாசலில் வரிசையாகத் தொங்கின. நான் நிறத்தைப் பார்த்து வாங்கினேன்.

பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் ஃப்ரெட்) கம்பிக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு பால்பாயின்ட் பேனா ரீஃபிலை நுழைத்தால் எங்கேயும் தொடாமல் அந்தப் பக்கம் வந்துவிடும். அவ்வளவு உயரம். அப்போது அது தவறு என்று எனக்குத் தெரியாது. ஒரு விரலை ஆறு கம்பிகளுக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்த வேண்டிய எஃப் கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டும் ஒரு பிடி) எனக்கு எட்டு மாதம் வரவில்லை. விரல் நுனியில் கோடு விழுந்து, அந்தக் கோட்டிலேயே மறுநாளும் அழுத்தி, சாப்பிடும்போது ரசம் பட்டால் எரியும். என் கைதான் இதற்கு லாயக்கில்லை என்று நம்பினேன்.

அம்மா ஓரளவு பாடுவார். சமையலறையிலிருந்தே சொன்னார்: "டேய், கீழ ஸா சரியா இருக்கு. மேல ஸா கூடவே போகுதுடா. சுருதி சேரல." வெறும் கம்பியை மீட்டினால் ஒரு ஸட்ஜம். அதே கம்பியைப் பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் அழுத்தினால் மேல் ஸட்ஜம் வர வேண்டும். என் கிடாரில் அது தூக்கலாக வந்தது. காரணம் இரண்டு. கம்பி உயரமாக இருந்தால் அழுத்தும்போது அதிகம் இழுபடும், இழுபட்டால் சுருதி ஏறும். இன்னொன்று, கிடாரின் உடம்பில் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜில் கம்பி உட்காரும் இடம் சரியான தூரத்தில் இல்லை. இரண்டையும் சரிசெய்ய முடியும் என்று அம்மாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

சத்தத்தைப் பெருக்கித் தரும் ஆம்ப் வாங்கப் பணமில்லை. எங்கள் தெருவில் மைக் செட் வாடகைக்கு விடும் அண்ணன் ஒருவர் இருந்தார். ஆடி மாதம் கூழ் ஊற்றும் அன்று மத்தியானம், பாட்டு நிறுத்தியிருந்த இடைவெளியில், "அண்ணே, ஒரு தடவை சொருகிப் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். மைக் சொருகும் துளையும் கிடார் கேபிளின் முனையும் ஒரே கால் இஞ்ச் அளவு. "மெதுவா வால்யூமை ஏத்து தம்பி, ஸ்பீக்கர் போயிடும்" என்று பக்கத்திலேயே நின்றார். வேப்பமரத்தில் கட்டியிருந்த கூம்பு ஸ்பீக்கரில் என் ஒற்றைக் கம்பி தெரு முழுக்கக் கேட்டது. கரகரப்பான, தட்டையான சத்தம். ஆனாலும் என் விரல் அழுத்தியதை மரத்தின் மேலிருந்து கேட்ட அந்த நிமிடத்தில்தான் இதை விடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

ஒன்பதாம் மாதம், சர்ச் பாடகர் குழுவில் கிடார் வாசிக்கும் ஒரு பெரியவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் சின்ன அரத்தால், கழுத்தின் மேல் முனையில் கம்பிகளைத் தாங்கும் நட்டின் பள்ளங்களைக் கொஞ்சம் ஆழமாக்கினார். ஆலன் கீயால் பிரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் இறக்கினார். ஸ்க்ரூ டிரைவரால் முன்பின் நகர்த்தி மேல் ஸட்ஜத்தைச் சேர்த்தார். அரை மணி நேரம். அன்று மாலை எனக்கு எஃப் கார்டு வந்தது.

எட்டு மாதம் என் கையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த எட்டு மாதத்தில் நான் விட்டிருந்தால், "அவனுக்கு ஆர்வம் இல்லை" என்றுதான் வீட்டில் சொல்லியிருப்பார்கள். இதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் கிடாரின் வேலை ஒன்றுதான். கற்பவரை முதல் ஆறு மாதம் விடாமல் பிடித்துவைப்பது. பிராண்ட், நிறம், மரம் எல்லாம் அதற்கு அப்புறம். அப்படிப் பார்த்தால் நான் கவனிப்பது ஐந்து விஷயங்கள்.

கம்பியின் உயரம். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் சுற்றி இருந்தால் தொடக்கக்காரர் கைக்குச் சுகம். 3 தாண்டினால் வலி. ஒரு சின்ன ஸ்டீல் ஸ்கேல் கொண்டுபோங்கள். பேனா ரீஃபில்கூடப் போதும்; உள்ளே தாராளமாகப் போனால் உயரம் அதிகம்.

சுருதி நிற்பது. ட்யூன் செய்து பத்து நிமிடம் வாசித்த பிறகும் அப்படியே இருக்கிறதா? மேல் ஸட்ஜம் சேர்கிறதா?

இரைச்சல். எலெக்ட்ரிக் கிடாரின் பிக்கப் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும்தான். கிடார் கம்பி அதிர்வதை மட்டுமல்ல, வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் உறுமலையும் அது பிடிக்கும். ஒற்றைச் சுருள் பிக்கப் அதிகமாகப் பிடிக்கும். இரண்டு சுருளை எதிரெதிராகச் சுற்றி உறுமலை ரத்து செய்வதுதான் ஹம்பக்கர். 1955-இல் கிப்சன் கம்பெனியில் சேத் லவர் உருவாக்கியது. நம் வீடுகளில் ஃபேனின் எலெக்ட்ரானிக் ரெகுலேட்டரும் பழைய சோக் போட்ட டியூப் லைட்டும் பக்கத்தில் இருந்தால் வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

ஒரு வருட மொத்தச் செலவு. கிடாரின் விலை அதில் ஒரு பகுதிதான்.

விற்றால் என்ன திரும்பும். நிறுத்துவதற்காக மட்டுமல்ல, அடுத்த கிடாருக்குப் போகவும் இது தேவைப்படும்.

## பெயர் தெரியாத மலிவு செட்

ஆறு முதல் எட்டாயிரம் ரூபாய்க்குள் கிடார், சின்ன ஆம்ப், கேபிள், பை எல்லாம் வந்துவிடும். 2004-இல் நான் வாங்கியதை விட இன்றைய மலிவு கிடார்கள் எவ்வளவோ மேல். மெஷினில் வெட்டுவதால் ஃப்ரெட்டுகள் பெரும்பாலும் சரியான இடத்தில் இருக்கின்றன. சரியான இடத்தில் இல்லாத ஃப்ரெட்டை யாராலும் லேசில் திருத்த முடியாது. மற்ற குறைகள் எல்லாவற்றையும் திருத்தலாம்.

கம்பி உயரத்தில் இது பெட்டியிலிருந்து வரும்போதே தோற்கும். நட்டின் பள்ளங்கள் ஆழமாக வெட்டப்பட்டிருக்காது. அதனால் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில்தான் வலி அதிகம், தொடக்கக்காரர் வாழ்வதும் அங்கேதான். சுருதி நிற்காததற்குப் பெரும்பாலும் கம்பியை முறுக்கும் ட்யூனர் காரணம், சில சமயம் கைப்பிடியால் அசைத்து ஒலியை ஏற்றி இறக்குகிற ட்ரெமலோ பிரிட்ஜ். கைப்பிடியை அமுக்கிவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்பாது. பின்பக்க மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்ப்ரிங்கை இறுக்கி, பிரிட்ஜ் உடம்போடு ஒட்டி உட்காரும்படி செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். நட்டின் பள்ளத்தில் பென்சில் கரியைத் தேய்த்தால் கம்பி சிக்காமல் நகரும். இரண்டுக்கும் காசு செலவில்லை.

மறைந்த செலவுகள்: செட்டப்புக்கு, அதாவது அந்தப் பெரியவர் செய்த மாதிரி கம்பி உயரத்தையும் சுருதியையும் சரிசெய்வதற்கு, ஆயிரம் முதல் ஆயிரத்து ஐநூறு. கூட வரும் கேபிள் இரண்டு மாதத்தில் கரகரக்கும். கூட வரும் ஆம்ப் சத்தம் தரும், இனிமை தராது. எப்படியும் வேறு ஒன்று தேடுவீர்கள். விற்கப் போனால் இரண்டாயிரம் கிடைத்தால் பெரிது.

"ஆர்வம் இருக்கான்னு பார்க்க முதல்ல மலிவா வாங்கலாம்" என்று பெற்றோர்கள் சொல்வதை நான் ஏற்பதில்லை. அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் செட்டப் செய்யாத மலிவு கிடார் ஆர்வத்தைச் சோதிக்காது. வலி தாங்கும் சக்தியைத்தான் சோதிக்கும். என் வகுப்பில் என்னோடு தொடங்கிய நான்கு பேரில் மூன்று பேர் அதில்தான் நின்றுபோனார்கள். அவர்களில் ஒருவனுக்கு என்னைவிட நல்ல காது.

அப்படியானால் யாருக்கு இது சரி? கழற்றிப் பார்க்கிற கை உள்ளவர்களுக்கு. வீட்டில் ரேடியோவைப் பிரித்துப்போட்டு மறுபடி சேர்க்கிற பிள்ளை இருந்தால் இதைவிடச் சிறந்த பரிசு கிடையாது. சென்னையின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஜாக், பொட்டென்ஷியோமீட்டர், ஷீல்டு ஒயர் எல்லாம் கிடைக்கும். சால்டரிங் அயர்ன் ஒன்று போதும். தப்பாகப் போனாலும் மனசு உடையாது. இரண்டாவது, கையில் உண்மையிலேயே எட்டாயிரம்தான் இருக்கிறது என்கிறவர்களுக்கு. தயங்காமல் வாங்குங்கள். ஆனால் அதில் ஆயிரத்து ஐநூறை செட்டப்புக்கு என்று முதல் நாளே தனியாக எடுத்துவையுங்கள். அது இல்லாமல் வாங்காதீர்கள்.

## பிராண்ட், புதுசு

ஸ்குவையர், ஐபனீஸ் ஜியோ, யமஹா பசிஃபிகா. பதினைந்தாயிரத்திலிருந்து இருபதாயிரம் சொச்சம் வரை இந்த மூன்று பெயர்களைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். ஸ்குவையர் என்பது ஃபெண்டர் 1965-இல் வாங்கிய பழைய கம்பி கம்பெனியின் பெயர். 1982 முதல் அந்தப் பெயரில் குறைந்த விலைக் கிடார்களைக் கொண்டுவந்தார்கள்.

ட்யூனர்கள் நம்பகமானவை, ஃப்ரெட்டின் ஓரம் கையைக் கீறாது, பிக்கப் கத்தாது. ஹம்பக்கர் வேண்டுமென்றால் ஜியோ, பசிஃபிகா இரண்டிலும் ஹம்பக்கர் வைத்த மாடல்கள் இருக்கின்றன. விற்றால் பாதிக்கு மேல் திரும்பும்.

புதுசு என்பதால் செட்டப் வேண்டாம் என்று நினைக்காதீர்கள். வேறு ஒரு நாட்டில் செய்து, கப்பலில் வந்து, கிடங்கில் கிடந்து, கடை ஏசியில் தொங்கி, நம் வீட்டு ஈரக்காற்றுக்கு வருகிறது. மரம் அசையும். வாங்கி ஒரு மாதம் கழித்து ஒரு தடவை செட்டப் செய்துகொள்வது நல்லது. அப்புறம், விலைச்சீட்டில் இருப்பது கிடார் மட்டும்தான். ஆம்ப், கேபிள், பெல்ட், நல்ல பை எல்லாம் தனி. பதினேழாயிரம் என்று நினைத்துப் போய் இருபத்து நான்காயிரத்துக்கு பில் போட்டுத் திரும்பியவர்களைத் தெரியும்.

சென்னையில் இருப்பதன் வசதி, கடைக்குப் போய்த் தொட்டுப் பார்க்கலாம். அண்ணா சாலையில் 1842-இலிருந்து இருக்கும் மியூஸி மியூசிகல் போன்ற கடைகள் நம் ஊரில் இருக்கும்போது, படத்தைப் பார்த்து வாங்க வேண்டிய அவசியமில்லை. ஒரே மாடலில் இரண்டு மூன்றைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஒரே தொழிற்சாலையில் வந்த இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. உங்களுக்கு வாசிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் ஒரு தடவை அழுத்தி மீட்டுங்கள். எங்கேயாவது "ஜர்ர்" என்று அடித்தாலோ சத்தம் செத்துப்போனாலோ அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

யாருக்கு இது சரி? பார்த்து வாங்கத் துணைக்கு ஆள் இல்லாதவர்களுக்கு. பள்ளி நாட்களில் நேரமே இல்லாத, சிக்கல் வந்தால் சரிசெய்யத் தெரியாத வீட்டுக்கு. கடையின் வாரன்டிக்காகவே இரண்டாயிரம் கூடக் கொடுக்கலாம்.

## பிராண்ட், செகண்ட் ஹேண்ட்

என் இரண்டாவது கிடார் இப்படி வந்தது. 2009. பெசன்ட் நகரில் ஒருவர் வெளிநாடு போகிறார், விற்கிறார் என்று கேள்விப்பட்டு 29சி பேருந்தில் பெரம்பூரிலிருந்து கடைசி நிறுத்தம் வரை போனேன். மூன்றாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் கடல் காற்று. பிரிட்ஜ் ஸ்க்ரூக்கள் எல்லாம் துரு. கம்பிகள் கறுத்துக் கிடந்தன. ஆனால் கழுத்து நேர். ஃப்ரெட்டில் தேய்மானமே இல்லை. இரண்டு வருடத்தில் இருபது நாள்கூட வாசித்திருக்க மாட்டார் போல. புதிய விலையில் பாதிக்கும் கொஞ்சம் மேல் கொடுத்தேன். பணத்தை எண்ணி வாங்கியவர், கிடாரைப் பையில் போடும் முன் ஒரு தடவை உட்கார்ந்து வாசித்தார். முடிந்ததும் "நீங்களாவது விடாம வாசிங்க" என்றார். திரும்பி வரும்போது பேருந்தில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

துருப்பிடித்த ஸ்க்ரூக்களுக்குப் புதுசு, கம்பி, செட்டப் எல்லாம் சேர்த்து ஆயிரத்துக்குள் முடிந்தது அப்போது. இன்று ஆயிரத்து ஐநூறு, இரண்டாயிரம் ஆகும்.

சென்னையில் இந்த வழிக்கு ஒரு இயல்பான சாதகம் உண்டு. படிப்பு முடித்து ஊருக்குத் திரும்புகிறவர்கள், வேலை மாறிப் போகிறவர்கள், வெளிநாடு போகிறவர்கள் என்று ஆட்கள் நகர்ந்துகொண்டே இருக்கிற ஊர். ஆசையாக வாங்கி அலமாரிக்கு மேல் வைத்த கிடார்கள் நிறைய வீடுகளில் இருக்கின்றன.

பார்க்க வேண்டியதை வரிசையாகச் சொல்கிறேன். கிடாரைத் துப்பாக்கி போலக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, கழுத்தின் ஓரத்தை ஒரு முனையிலிருந்து பாருங்கள். லேசான பள்ளம் இருக்கலாம், முறுக்கு இருக்கக் கூடாது. பள்ளத்தை உள்ளே இருக்கும் ட்ரஸ் ராட் கம்பியால் சரிசெய்யலாம். முறுக்கிய கழுத்து போனதுதான். ட்ரஸ் ராடை நீங்களே திருகிப் பார்க்காதீர்கள், கால் சுற்று தவறினாலும் வம்பு. முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் மெல்லிய கம்பிகளுக்குக் கீழே குழி விழுந்திருக்கிறதா? லேசாக என்றால் சரி. ஆழமாக என்றால் ஃப்ரெட் வேலைக்கு மூவாயிரம் நான்காயிரம் குறைத்துக் கேளுங்கள். தலைப்பகுதி கழுத்தோடு சேரும் இடத்தின் பின்புறத்தை வெளிச்சத்தில் பாருங்கள், ஒட்டிய தடம் இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். வால்யூம் திருகும்போது கரகரப்பு வந்தால் பயப்பட வேண்டாம், அது தூசு. காண்டாக்ட் க்ளீனர் ஸ்ப்ரே அடித்தால் போய்விடும். விற்பவரிடம் ஆம்ப் இருக்க வேண்டும். சொருகிக் கேட்காமல் காசு கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. பூட்டுகிற வகை ட்ரெமலோ வைத்த கிடார் மலிவாக வரும். முதல் கிடாராக வேண்டாம். ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி ஏறிவிடும், கம்பி மாற்றவே அரை நாள் போகும். அசையாத பிரிட்ஜ் உள்ளது கிடைத்தால் அதையே எடுங்கள்.

இந்த வழியின் ஆபத்து போலி. பெரிய பிராண்டின் பெயரை ஒட்டிய நகல்கள் சுற்றுகின்றன. விலை நம்ப முடியாத அளவு குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். வாங்கிய பில்லைக் கேளுங்கள். தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போக முடிந்தால், எனக்கு முதல் தேர்வு இதுதான்.

## ஆம்ப் என்ற இன்னொரு பாதி

இதை யாரும் கேட்பதே இல்லை. எலெக்ட்ரிக் கிடார் தனியாகப் பாதி வாத்தியம்தான். ஃபிளாட்டில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, பெரிய ஆம்ப் வேண்டாம். கிடாரிலேயே சொருகி ஹெட்போனில் கேட்கிற ஹெட்போன் ஆம்ப் நான்கைந்தாயிரத்துக்குள் கிடைக்கும். இரவு பத்து மணிக்கும் வாசிக்கலாம், மேல் வீட்டில் யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வாசிக்க நேரம் கிடைப்பதே அந்த நேரத்தில்தான்.

சுவரில் சொருகும் ஆம்ப் வாங்கினால் ஒன்றை மட்டும் கட்டாயம் பாருங்கள். எர்த் உள்ள மூன்று பின் சாக்கெட்டா? பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், எர்த் ஒயர் இணைத்திருக்காது. கம்பியைத் தொட்டால் உறுமல் குறைவது இயல்பு. ஆனால் கையில் "சுர்" என்று இழுத்தால் உடனே பிளக்கைப் பிடுங்கிவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மழைக்காலத்தில் ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று வாசிக்கவே கூடாது.

## "முதல்ல அகூஸ்டிக் கத்துக்கட்டும்"

அகூஸ்டிக் என்றால் மின்சாரம் இல்லாமலே ஒலிக்கிற கிடார். இப்படிச் சொல்லும் ஆசிரியர்கள் உண்டு. அகூஸ்டிக்கில் பொதுவாகப் போடும் கம்பியின் மெல்லியது 0.012 அங்குலம், எலெக்ட்ரிக்கில் 0.009. கை கெட்டிப்படும் என்பது உண்மை. ஆனால் மனசு எலெக்ட்ரிக்கில் இருக்கிற பிள்ளையை அகூஸ்டிக்கில் உட்காரவைத்தால், அது விருந்துக்கு முன் விரதம் மாதிரி ஆகிவிடுகிறது. நண்பர்களோடு பாடவேண்டும், மொட்டைமாடியில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும் என்றால் தாராளமாக அகூஸ்டிக் வாங்குங்கள்.

கர்நாடக சங்கீதம் கற்ற பிள்ளை என்றால் நான் இன்னும் உறுதியாக எலெக்ட்ரிக் பக்கம்தான் நிற்பேன். கமகத்துக்குக் கம்பி மெல்லியதாக, தாழ்வாக இருக்க வேண்டும், ஒலி நீண்டு நிற்க வேண்டும். மாண்டலின் யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைக் கம்பிகளை விட்டு ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினில் வாசித்தார். பிரசன்னா எலெக்ட்ரிக் கிடாரில் முழுக் கச்சேரியே செய்கிறார். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்குக் கம்பியை இழுத்துக்கொண்டு போகும்போது ஒலி அறுந்துபோகாமல் தாங்குவது அந்த மின்சாரம்தான்.

## கணக்கு

சென்னையில் நான் இப்போது பார்க்கிற விலைகளை வைத்து, ஒரு வருடத்துக்குப் போட்ட கணக்கு. கடைக்குக் கடை ஆயிரம், இரண்டாயிரம் மாறும்.

| | மலிவு செட் | பிராண்ட் புதுசு | செகண்ட் ஹேண்ட் |
|---|---|---|---|
| கிடார் | 6,500 | 17,000 | 10,000 |
| செட்டப் | 1,500 | 1,000 | 1,500 |
| ஹெட்போன் ஆம்ப் | 4,500 | 4,500 | 4,500 |
| கேபிள், பெல்ட், நான்கு செட் கம்பி | 3,000 | 3,000 | 3,000 |
| மொத்தம் | 15,500 | 25,500 | 19,000 |
| வருடக் கடைசியில் கிடாரை விற்றால் | 2,000 | 10,000 | 8,500 |
| கையைவிட்டுப் போனது | 13,500 | 15,500 | 10,500 |

நான்கு செட் கம்பி அதிகமாகத் தெரியலாம். நம் ஊர் வியர்வைக்கும் உப்புக் காற்றுக்கும் மூன்று மாதத்துக்கு மேல் கம்பி பளபளப்பாக நிற்காது. வாசித்து முடித்ததும் பழைய பருத்தி வேட்டித் துணியால் ஒவ்வொரு கம்பியையும் துடைத்தால் ஒரு மாதம் கூட உழைக்கும்.

கடைசி வரியைப் பாருங்கள். மலிவு செட்டுக்கும் புது பிராண்டுக்கும் வருடத்தில் இரண்டாயிரம்தான் வித்தியாசம். கையில் மொத்தப் பணமும் முதல் நாளே வேண்டும் என்பதுதான் தடை.

பட்ஜெட் பதினைந்தாயிரம் என்றால் கிடாருக்கு மூன்றில் இரண்டு பங்கைத் தாண்டாதீர்கள். பத்தாயிரத்துக்குள் செகண்ட் ஹேண்ட், ஆயிரத்து ஐநூறு செட்டப், ஆயிரத்துக்கு நல்ல கேபிளும் பெல்ட்டும், மீதியில் ஒரு செட் கம்பி. ஹெட்போன் ஆம்பை அடுத்த மாதச் சம்பளத்தில் வாங்கலாம். எலெக்ட்ரிக் கிடாரை சொருகாமலே ஒரு மாதம் வாசிக்கலாம், காதுக்கு அருகில் போதுமான சத்தம் வரும்.

நண்பரின் பெண்ணுக்கு இதைத்தான் சொன்னேன். பக்கத்து ஃபிளாட் தம்பியின் கிடாரைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போகிறேன். அதுவரை அவள் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று நண்பர் என் சிவப்பு கிடாரைக் கேட்டார். அது இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் இப்போது ரீஃபில் நுழையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போகிறாள். அதற்குள் கம்பி மாற்றி, மூன்றாவது கம்பியின் மேல் ஸட்ஜத்தை மறுபடி ஒரு தடவை சேர்த்து வைக்க வேண்டும்.